நார்த் கோஸ்ட் 500: கூட்டமாக பைக்கில் போகிறவர்களுக்கு

இன்வர்னஸ் கோட்டையில் கிளம்பி ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றி அங்கேயே வந்து முடிகிற பாதை, 516 மைல். தூரத்தை மட்டும் பார்த்து மூன்று நாள் கணக்குப் போடாதீர்கள். மேற்கிலும் வடக்கிலும் நிறைய இடங்களில் ஒரு வண்டி போகிற அகலம்தான் சாலை.

எதிர்வண்டிக்கு வழிவிட ‘பாஸிங் பிளேஸ்’ உண்டு. இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கணும். வலப்பக்கம் இருந்தால் அதில் ஏறாமல் நேர் எதிரே நம் ஓரத்திலேயே நிற்கணும். வருகிறவர் அதில் வளைந்து போவார். ஐந்து பைக் ஒட்டிப் போனால் முன்னால் மூன்று அடங்கும், மற்றது ரோட்டில் வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டிரண்டாகப் பிரிந்து இடைவெளி விட்டுப் போவதே சரி. பின்னால் உள்ளூர் வேன் வந்தாலும் ஒதுங்கி விடுங்கள். போட்டோ எடுக்க அங்கே நிறுத்துவது அநியாயம்.

பைக் சாய்வதும் பெரும்பாலும் இங்கேதான். ஓரத்தில் சரளை, இடப்பக்கச் சரிவு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி படுத்துவிடும். நேராக்கிவிட்டு, பின் பிரேக்கில் நிறுத்துங்கள். புல் மேல் சைட் ஸ்டாண்ட் போட்டால் ஈரமண்ணில் புதையும். அடியில் வைக்க ஒரு தகரத் துண்டு போதும்.

*

ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் பியலக் நா பா மலைப்பாதை பற்றி: கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏற்றம், சில இடத்தில் 20 சதவீதச் சரிவு. கொண்டை ஊசிக்குள் நுழையுமுன் மேலே பாருங்கள். கேம்பர் வேன் (உள்ளேயே படுத்துத் தூங்குகிற பெரிய வேன்) இறங்கினால் கீழேயே காத்திருப்பது நல்லது. வளைவின் நடுவில் நின்றால் லோடு ஏற்றிய பைக்கை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. இறங்கும்போது இரண்டாவது கியர்.

*

சாலைக்குக் குறுக்கே மாடு தாண்டாமலிருக்க இரும்புக் கம்பி பதித்திருப்பார்கள். மழையில் வழுக்கும். வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் தொடாமல் நேராகக் கடக்கணும்.

ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி, மறுபக்கம் தாய் என்றால் குட்டி குறுக்கே ஓடிவரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். கூட்டத்தில் சின்ன டேங்க் யாருடையதோ, அதுதான் எல்லோருக்கும் கணக்கு. உப்புக்காற்றும் மழையும் செயினைத் தின்னும். சாயங்காலம் நிறுத்தியதும் சூட்டோடு செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். காற்று அடித்தால் அதனால் பறக்க முடியாது. கூடாரத்தை மறைவில் போடாமல் காற்றடிக்கிற மேட்டில் போடுங்கள்.