வைலவேயில் ஆண்கள் எப்படிச் செத்தார்கள்?

கறாரான வாசகி:
அமெரிக்க எழுத்தாளர் ஜோனா ரஸ்ஸின் ‘தி ஃபீமேல் மேன்’ என்ற அறிபுனை நாவலை “ஆண்களைக் கொன்று பொன்னுலகம் கட்டியவர்களின் கதை” என்று ‘அரைப்பக்கம்’ என்பவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். 1975இல் வந்த புத்தகம் ஐயா, பொறுமையாகவே படித்திருக்கலாம். நான்கு உலகங்களிலிருந்து நான்கு பெண்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் முடியவே முடியாத அமெரிக்காவில் ஜெனீன். நாம் அறிந்த 1969இல் ஜோனா. பெண்கள் மட்டுமே வாழும் வைலவேயிலிருந்து ஜேனட். ஆண் நாடும் பெண் நாடும் போரிடும் உலகில் ஜேயல். வைலவேயின் ஆண்கள் கொள்ளைநோயில் இறந்தார்கள். யாரும் கொல்லவில்லை.

அரைப்பக்கம்:
விரல் நுனியில் இரும்பு நகத்தை ஒளித்துவைத்திருக்கும் ஜேயல் ஓர் ஆணைக் கிழித்துப் போடுகிறாள். அவசியமோ இல்லையோ, எனக்குப் பிடித்திருந்தது என்கிறாள். இதற்கு நான் கைதட்ட வேண்டுமா? நாவல் முழுக்க ஒரே கூச்சல்.

மேசைவிளக்கு:
பேச வந்தவள்மீது அவன் பாய்ந்ததை வசதியாக விட்டுவிட்டீர்கள். அதோடு, விமர்சகர்கள் தன்னை எப்படியெல்லாம் வசைபாடுவார்கள் என்று ரஸ் நாவலுக்குள்ளேயே பட்டியல் போட்டிருக்கிறார். உங்கள் “கூச்சலும்” அதில் அடங்கும். புதிதாக ஏதாவது திட்டுங்கள்.
ஆனால் வாசகி அம்மா, கடைசிப் பகுதியில் ஜேயல் ஜேனட்டிடம் நேராகவே சொல்கிறாளே: கொள்ளைநோய் உன் முன்னோர் சொன்ன பொய், அந்த நோய் நான்தான் என்று. அதை ஏன் விழுங்குகிறீர்கள்?

கறாரான வாசகி:
சொல்கிறாள். சொல்பவள் யார்? போருக்குத் தளம் அமைக்க இடம் கேட்டு வந்தவள். ஆள் பிடிக்க வந்தவள் சொன்னதெல்லாம் வரலாறாகிவிடுமா? ஒவ்வொரு செயலிலும் உலகம் கிளை பிரிகிறது, ஜேனட்டின் பூமி நம் எதிர்காலம் அல்ல என்று நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க ஜேயலின் போர் எப்படி ஜேனட்டின் கடந்த காலம் ஆகும்? கொள்ளைநோய்தான்.

மேசைவிளக்கு:
தளம் தர ஜெனீன் சம்மதிக்கிறாள், ஜேனட் மறுக்கிறாள். ஜேயல் சொன்னது வெறும் புளுகு என்றால் அந்த மறுப்புக்கு என்ன கனம்? தன் அமைதியான பண்ணைகள் யாருடைய ரத்தத்தில் முளைத்தவை என்று கேட்ட பிறகும் மறுக்கிறாள், அதுதான் காட்சி. பெண்ணின் கோபத்தை ரசிப்பீர்கள். அது எதையாவது சாதித்தது என்றால் மட்டும் கிருமியின் தலையில் கட்டுவீர்கள்.

கறாரான வாசகி:
இதே வைலவேயை வைத்து 1972இல் ரஸ் எழுதி, அறிபுனைக்கான நெபுலா விருது பெற்ற ‘வென் இட் சேஞ்ச்டு’ சிறுகதையிலும் ஆண்களைக் கொண்டுபோனது கொள்ளைநோய்தான். அங்கே ஜேயலும் இல்லை, போரும் இல்லை.

மேசைவிளக்கு:
அது வேறு கோளில் குடியேறியவர்களின் கதை. பூமியே இல்லை. அறிபுனை எழுத்தாளர் லெ குவின் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகத்தைச் சாட்சிக்கு இழுத்தீர்கள்.

கறாரான வாசகி:
அந்த விவாதத்தில் பாதியில் ஓடியது நீங்கள்.

தாமிரபரணி:
இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் நம் மதராஸ் பத்திரிகையில் வந்தது. அங்கே ஆண்கள் சாகவே இல்லை, அந்தப்புரம் மாதிரி உள்ளே அடைக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். ரஸ்ஸுக்கு 70 ஆண்டு முந்தியது!

அரைப்பக்கம்:
அச்சானது மதராஸில் என்பதற்காக வங்காளத்துக்காரர் எழுதியதை நமதாக்கிக்கொள்வது நல்ல வழக்கம்.

தாமிரபரணி:
நமது என்று எங்கே சொன்னேன்? பத்திரிகையைத்தான் சொன்னேன். நாவலைப் போலவே என் பதிவையும் பாதிதான் படித்தீரா?

மேசைவிளக்கு:
பேச்சை மாற்றாதீர்கள். ஜேயல் என்ற பெயரே சாட்சி. விவிலியத்தில் எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடார ஆணியை அடித்து இறக்கிய யாகேலின் (ஆங்கிலத்தில் ஜேயல்) பெயர்தான் இவளுக்கு. செய்ததை மறைக்கிற பிறவி அல்ல.

கறாரான வாசகி:
அருமை! அந்த யாகேல், பயப்படாதே என்று உள்ளே அழைத்து, குடிக்கப் பால் கொடுத்து, போர்வை போர்த்தித் தூங்கவைத்த பிறகுதான் ஆணியை எடுத்தாள். நயமாகப் பேசி ஏமாற்றியவளின் பெயர் அது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி பிடித்துத் தந்திருக்கிறீர்கள். கொள்ளைநோய். சந்தேகம் இருந்தால் மறுபடி படியுங்கள், என் பிரதி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது.

மேசைவிளக்கு:
தருகிறேன். ஜேயல் பேசும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் “உண்மையாக இருக்குமோ?” என்று பென்சிலால் எழுதியிருக்கிறதே, அழித்துவிட்டுத் தரவா, அப்படியே தரவா?

கறாரான வாசகி:
பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முந்தைய உரிமையாளர் உங்களைப் போல ஏமாளியாக இருந்திருப்பார்.

அரைப்பக்கம்:
கையெழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

கறாரான வாசகி:
நீங்கள் முதலில் நாவலை முடியுங்கள்.