தனியாக ஆடும் கேமுக்கு எதற்கு எந்நேரமும் இணையம்?

குந்தா ஆட்டக்காரன்:
ஒருவர் தனியாக ஆடும் கேமைக்கூட நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது இணையம் வழியாக இணையும் அவர்களின் மையக் கணினியோடு, கட்டிப்போடும் வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், எங்கள் மஞ்சூர்ப் பக்கம் கற்பூர மரமோ சீகை மரமோ மின்கம்பியின் மேல் சாய்ந்து கரண்ட் போகும். டவரின் பேட்டரி தீர்ந்ததும் நெட்டும் போய்விடும். கரண்ட் திரும்பியும் நெட் வராத அந்த நேரத்தில், லேப்டாப்பில் முழுதாக இறக்கி வைத்திருக்கும் கேம், ‘சர்வருடன் இணைய முடியவில்லை’ என்று காட்டிவிட்டு முதல் திரையிலேயே நின்றுவிடுகிறது. கேம் ஆடும் கருவியான (கன்சோல்) எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்துடன் தொடர்புகொண்டே ஆக வேண்டும் என்று மைக்ரோசாப்ட் 2013இல் அறிவித்தபோது, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து அந்த விதியைத் திரும்பப் பெற வைத்தார்கள். அன்று கன்சோலில் வேண்டாம் என்றதை இன்று ஒவ்வொரு கேமிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

கோத்தகிரி நிரலர்:
அண்ணா, மழைக்காலச் சிரமம் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் சர்வர் பராமரிப்பே என் தொழில் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேமுக்குள் சேரும் பணத்தையும் புள்ளிகளையும் ஆடுபவரின் கணினியிலேயே விட்டுவைத்தால், அவற்றை மாற்றுவது சிறு பிள்ளைக்கும் எளிது; நேர்மையாக ஆடுகிறவர்தான் ஏமாறுவார். டிஸ்க் வாங்கினால் போதும் என்றும் சொல்ல முடியாது. முதல் நாளே பெரிய அப்டேட் கேட்கும் கேம்கள் ஏராளம். அதோடு, ஆட ஆளே இல்லாத கேமுக்கு எத்தனை ஆண்டுகள் ஒரு நிறுவனம் சர்வர் வாடகை கட்டும்?

நாடுகாணி வாசகி:
பத்துப் பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயருக்குச் சர்வர் வேண்டும் என்பதை இங்கே யாரும் மறுக்கவில்லை. கேள்வி ‘தி க்ரூ’ போன்றவற்றைப் பற்றியது. 2014 டிசம்பரில் வெளியான அந்தக் கார் பந்தய கேமில் தனியாக ஆடும் கதையும் இருந்தது. 2024 மார்ச் 31 அன்று, அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை நிறுத்தியதும் அந்தக் கதையும் சேர்ந்தே செத்தது. டிஸ்க் வைத்திருப்பவருக்கும் அதே கதிதான். யூடியூபர் ராஸ் ஸ்காட் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ (கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கத்தைத் தொடங்கியது இதனால்தான். நிரந்தரமாகச் சர்வர் நடத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்.

கோத்தகிரி நிரலர்:
கேட்பது எளிது, அக்கா. சர்வர் மென்பொருளில் வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருக்கும். அவற்றைப் பொதுவில் வெளியிடும் உரிமை கேம் தயாரித்தவருக்கே இருக்காது. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் சிறிய குழுக்கள் ஆன்லைன் கேம் பக்கமே வரமாட்டார்கள். வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லிவிடுவதே நியாயமான வழி. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும், விற்பது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று இணையக் கடை தெளிவாக அறிவிக்க வேண்டும் என்கிறது.

குந்தா ஆட்டக்காரன்:
தம்பி, ‘முடியாது’ என்பதை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். 2013இல் நகரம் கட்டும் கேமான ‘சிம்சிட்டி’ வெளியானபோது சர்வர்கள் திணறி, காசு கொடுத்தவர்கள் உள்ளே நுழையவே முடியாமல் தவித்தார்கள். கணக்கீடுகளில் கணிசமான பகுதி சர்வரில் நடப்பதால் ஆஃப்லைனுக்கு (இணையமின்றி ஆடுவதற்கு) மாற்றுவது எளிதல்ல என்று அப்போது காரணம் சொன்ன அதே தயாரிப்புத் தரப்பு, 2014 மார்ச்சில் ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. ‘நாக்அவுட் சிட்டி’ முழுக்க முழுக்க மல்டிபிளேயர் கேம். 2023இல் சர்வரை மூடியபோது, ஆட்டக்காரர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பைச் சிறிய நிறுவனமான வேலன் ஸ்டூடியோஸ் வெளியிட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு யுபிசாஃப்ட்டும் 2024 செப்டம்பரில் ‘தி க்ரூ 2’க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தது. நீங்கள் சொன்ன உரிமச் சிக்கல், கேம் முடிந்த பிறகு பார்த்தால்தான் சிக்கல்; முதல் நாள் ஒப்பந்தம் எழுதும்போதே மூடும் நாளையும் நினைத்து எழுதினால் அது தீரும்.

கோத்தகிரி நிரலர்:
புதிதாக எழுதப்படும் கேம்களுக்கு அந்த நிபந்தனையை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, அண்ணா. ஏற்கெனவே விற்றுவிட்ட பழைய கேம்களுக்கும் அதைத் திணிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நாடுகாணி வாசகி:
பழையவற்றை வாங்கியவர்களும் முழு விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள்? அவர்களுக்கு என்ன பதில் என்பதை முதலில் சொல்லுங்கள்.