டெப்ரி டிஸ்க் – கலைச்சொல் வேண்டும் (திங்கள் காலைக்குள்)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வளையங்கள் பற்றிய அத்தியாயம் திங்கள் காலை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். சனி, வியாழன், யுரேனஸ், நெப்டியூன் வரை சிக்கல் இல்லை, 'வளையம்' ஊரறிந்த சொல். அதன் பிறகு நூல் விண்மீன்களுக்குத் தாவுகிறது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் வேகா விண்மீனிடமிருந்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான அகச்சிவப்பு ஒளி வருவதைக் கண்டது. சுற்றிலும் தூசி இருந்ததுதான் காரணம். அடுத்த ஆண்டே பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் தூசியைப் படம் எடுத்துவிட்டார்கள். இதைத்தான் டெப்ரி டிஸ்க் என்கிறார்கள். 'சிதைவு வட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:

சிதைவு வேண்டவே வேண்டாம். மேல்நிலை வகுப்பில் கதிரியக்கச் சிதைவு என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். 'சிதைவு வட்டு' என்றால் பிள்ளைகள் யுரேனியத்தைத் தேடுவார்கள். 'சிதறல்' என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அது ஒளிச்சிதறலுக்கும் ராமன் சிதறலுக்கும் போய்விட்டது. 'எச்சம்' என்றால் வகுப்பு சிரிக்கும். காக்கையைப் பற்றித்தான் சிரிப்பார்கள், பெயரெச்சத்தைப் பற்றி அல்ல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோவை:

அன்புடையீர், புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை, கிடங்கைத் திறந்தாலே போதும். 'சிதர்' என்றொரு சொல் இருக்கிறது. சிதர், சிதறு, சிதை, சிதல் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருந்த கந்தல் 'துன்னற் சிதாஅர்'. துணி கிழிந்தால் சிதார், மரத்தை அரித்துத் துகளாக்குவது சிதல், அதாவது கரையான். ஆகவே 'சிதர்வட்டு'. ஆறே எழுத்தில் முடிந்துவிடுகிறது. தமிழுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:

ஐயா, கரையான் வரைக்கும் வந்துவிட்டோம். என் பிள்ளைகள் இதை 'சிதறுவட்டு' என்றுதான் படிப்பார்கள். திரும்பவும் ராமனிடமே வந்து நிற்போம்.

ஆய்வு மாணவர், பெங்களூரு:

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாமா? 'சிதறிய வட்டு' என்று தனியாக ஒன்று நம் சூரியக் குடும்பத்திலேயே இருக்கிறது. நெப்டியூனின் ஈர்ப்பால் தூக்கியெறியப்பட்ட பொருள்களின் பகுதி அது, ஏரிஸ் என்ற குறுங்கோள் அங்கேதான் இருக்கிறது. ஆகவே சிதறுதல் கணக்கில் இல்லை.

அதைவிட முக்கியமானது இது. இளம் விண்மீனைச் சுற்றி வளிமமும் தூசியுமாக ஒரு வட்டு இருக்கும், கோள்கள் அதில்தான் உருவாகும். 2014இல் அல்மா தொலைநோக்கி எடுத்த எச்.எல். டாவ் என்ற இளம் விண்மீனின் படத்தில் இருப்பது அந்த வகை. டெப்ரி டிஸ்க் அதன் மிச்சம் அல்ல. டெப்ரி டிஸ்க் உள்ள ஃபோமல்ஹாட் விண்மீனுக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன் பிறப்பில் இருந்த தூசி அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியாது. மிக நுண்ணிய துகளை விண்மீனின் ஒளியே வெளியே தள்ளிவிடும், கொஞ்சம் பெரியது வேகம் குறைந்து சுருண்டு சுருண்டு விண்மீனை நோக்கி விழும். இன்றைக்கும் அங்கே தூசி தெரிகிறது என்றால், யாரோ இன்றைக்கும் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சிறுகோள்களும் வால்வெள்ளிகளும் மோதி மோதி உடைகின்றன, அந்தத் தூள்தான் நாம் பார்ப்பது. எனவே மிச்சம், எச்சம், கழிவு எல்லாமே தப்பான கதையைச் சொல்லும். உடைபடுதல் சொல்லில் வர வேண்டும்.

பொறியாளர், சென்னை:

இத்தனை பாடு எதற்கு? 'டெப்ரி டிஸ்க்' என்றே எழுதுங்கள், அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் போடுங்கள். பையன் நாளைக்குக் கல்லூரியில் அதைத்தானே படிக்கப் போகிறான்?

வளையம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் தெரியவந்தன. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த கைப்பர் வானாய்வு விமானத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதே இரவில் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி வழியாகவும் விண்மீன் சட்டென்று மங்கியதைப் பதிவு செய்தார்கள். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். வளையம் என்ற முடிவு பிறகு வந்தது. மதுரை நண்பர் அத்தியாயத்தில் காவலூர் இல்லையென்றால் அடிக்குறிப்பாவது போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

கட்டாயம் போடுகிறேன் ஐயா, மூல நூலில் அது இல்லை. ஆனால் 'டெப்ரி' முடியாது. பதிப்பகத்தின் விதி, ஆட்பெயரும் ஊர்பெயரும் தவிர எல்லாம் தமிழ்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

வணக்கம். பெங்களூருத் தம்பி சொன்னது நல்லாய் விளங்குது. எனக்கு 'டெப்ரி'யைவிட 'வட்டு'வில்தான் ஐயம். ஃபோமல்ஹாட்டின் படத்தைப் பாருங்கோ, நடுவில் வெறுமை, தூரத்தில் ஒரு மெல்லிய வட்டம். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று பட்டைகளைக் காட்டியது. இதை வட்டு என்றால் பிள்ளைகள் நடுவும் நிரம்பிய ஒன்றைத்தான் நினைப்பார்கள். 'தூசு வளையம்' என்று ஏன் சொல்லக்கூடாது? நீங்கள் தூசி என்றாலும் எனக்குப் பிரச்சினையில்லை. நாங்கள் உடு என்கிறதை நீங்கள் விண்மீன் என்கிறீர்கள், அதையும் சகித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

தமிழாசிரியர், கோவை:

வட்டுக்கு நான் பொறுப்பு. நற்றிணையின் மூன்றாம் பாட்டு: வேப்பமர நிழலில் அரங்கு கீறி, 'கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டாடும்'. அங்கே வட்டு என்பது நெல்லிக்காய், உருண்டை. தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதியே இல்லை. வள் என்னும் வேரிலிருந்து வளை, வளையம், வட்டம், வட்டு எல்லாம் வந்தன. ஆக யாழ் அன்பரின் வளையமும் நம் வட்டும் உடன்பிறந்தவை, சண்டைக்கே இடமில்லை. நாஞ்சில் நாட்டில் கருப்பட்டியையும் வட்டு என்பார்கள்.

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:

உருண்டையும் வட்டு என்றால் சிக்கல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை, ஐயா. (கருப்பட்டி சரிதான்.)

ஆய்வு மாணவர், பெங்களூரு:

யாழ் அண்ணா, 'தூசு வளையம்' வியாழனுக்கு வேண்டும். 1979இல் வாயேஜர் விண்கலம் கண்ட வியாழனின் வளையம் உண்மையிலேயே தூசிதான். அதன் சிறு நிலவுகளில் விண்கற்கள் மோதிக் கிளம்பியது. சனியினுடையது அப்படியல்ல, பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டி, அங்குலக் கணக்கிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேல் வரை. இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்தும் பல இடங்களில் பத்து மீட்டர் கனம்தான். வளையத்தைக் கோள்களுக்கே விட்டுவிடலாம். விண்மீனைச் சுற்றியதற்கு நடு காலியாக இருந்தாலும் வட்டு என்றே துறையில் சொல்கிறார்கள்.

என் பரிந்துரை: உடைதுகள் வட்டு.

இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்:

இது நன்றாக இருக்கிறது! வினைத்தொகை. உடைந்த துகள், உடைகின்ற துகள், உடையும் துகள், மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. நேற்றும் மோதியது, இன்றும் மோதுகிறது, நாளையும் மோதும். ஆங்கிலச் சொல்லில்கூட இது இல்லை. ஒன்றே ஒன்று, அச்சகத்தார் 'உடைத்துகள்' என்று த் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டால் சட்டைத்தூசி ஆகிவிடும்.

தமிழாசிரியர், கோவை:

வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை எனக்கே நினைவூட்டுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனாலும் உடைதல் பானைக்கும் தேங்காய்க்கும் உரியது. இங்கே நடப்பது நொறுங்குதல். 'நொறுங்குவட்டு' என்றால் துகளே வேண்டாம். சிதரைக் கைவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பொறியாளர், சென்னை:

நொறுங்குவட்டு என்றால் தீபாவளிப் பலகாரம் மாதிரி இருக்கிறது. உடைதுகளுக்கு என் வாக்கு, அரை மனதோடு.

ஆசிரியர், யாழ்ப்பாணம்:

உடைதுகளில் எனக்கு மறுப்பில்லை. வட்டில் இருக்கிறது. நூல் இங்கேயும் வரும் என்றால் ஒரு படத்தையாவது பக்கத்தில் போடுங்கோ, நடு வெறுமை தெரியட்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

எல்லாருக்கும் நன்றி. 'உடைதுகள் வட்டு' என்று மாற்றி இப்போதுதான் அனுப்பினேன். ஃபோமல்ஹாட் படம் கேட்டிருக்கிறேன், கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்கிறார்கள். காவலூர் அடிக்குறிப்பு சேர்த்தாயிற்று.

அடுத்த அத்தியாயத்தில் 'ஷெப்பர்ட் மூன்' வருகிறது, வளையத்தின் துகள்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சிறு நிலா. சனியின் எஃப் வளையத்துக்கு அருகே ஓடும் புரொமீதியஸ், யுரேனஸின் வளையத்துக்கு இரு பக்கமும் நிற்கும் கார்டீலியா, ஒஃபீலியா போன்றவை. 'மேய்ப்பன் நிலா' என்று போடலாமா?

தமிழாசிரியர், கோவை:

மேய்ப்பன் வேண்டாம், கிறித்தவ மணம் வீசுகிறது. முல்லைத் திணையில் ஆயர், கோவலர், இடையர் என்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். விரிவாக எழுதுகிறேன். சிதர்வட்டை நூலின் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்த்தீர்களா?

ஆய்வு மாணவர், பெங்களூரு:

கார்டீலியாவும் ஒஃபீலியாவும் பெண்கள், ஐயா. இடையனும் ஆயனும் ஒத்துவராது.

தமிழாசிரியர், கோவை:

ஆய்ச்சியர்.