ரப்பர் விளைக்குப் போக ஜிம்னி: எந்த டயர், எந்த டிஸ்க்?

களியல்விளை:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மாருதி ஜிம்னி ஜீட்டா, மேனுவல் கியர், கம்பெனி கொடுத்த இரும்பு டிஸ்க் (டயர் மாட்டும் வீல்), 195/80 ஆர்15 டயர் (முதல் எண் மில்லிமீட்டரில் டயர் அகலம்). டயர் தேய்ந்துவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். வீடு நாகர்கோவிலில், ரப்பர் விளை, அதாவது தோட்டம், களியல் தாண்டி உள்ளே. ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோடுதான், தக்கலை, குலசேகரம், திற்பரப்பு வழி. கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் செம்மண் பாதை. கோடையில் ஆட்டோ கூட ஏறிவிடும், ஆனால் ஆனி ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் ரப்பர் பால் லோடு எடுக்க வரும் லாரி சக்கரம் போட்ட பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேலே ஏறும் இடத்தில் மண் சோப்பு மாதிரி ஆகிவிடும், அதோடு ஐப்பசி மழையும் நம்மை விடாது. திரும்பி வரும்போது பின்னால் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (சிரட்டையில் உறைந்த ரப்பர்) இருக்கும், சில நாள் அம்மாவும் கூட வருவார்கள்.

கடையில் 235/75 ஆர்15 எம்.டி. (சேற்றுக்கான) டயரும் அகலமான கறுப்பு அலாய் டிஸ்கும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். பார்க்க அருமையாகத்தான் இருக்கிறது. போடலாமா? இல்லை ஏ.டி. (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதுமா?

மலையோரம் ஜீப்:

தம்பி, 235 வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துச் செம்மண் மேலேதான் குழைகிறது, நாலு விரல் கீழே போனால் கெட்டியான செம்பாறைதான். ஒல்லியான டயர் அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே போய்ப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதக்கும். மணலில் அப்படி மிதப்பது நல்லது, நம் விளைப் பாதையில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாறாமலை, கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் ஓடும் பழைய ஜீப்புகளைப் பார், எல்லாம் ஒல்லி டயர்தான்.

215/75 ஆர்15 ஏ.டி. போடு. இப்போது இருக்கும் டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர், இது 703 சொச்சம், அதாவது ஒன்றரை சதவீதம்தான் கூடுதல். உன் இரும்பு டிஸ்கிலேயே உட்காரும், எங்கேயும் உரசாது. 235/75 என்றால் 733 வரும், கிட்டத்தட்ட ஆறு சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் போகும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் பம்பர் ஓரத்திலும் மட் பிளாப்பிலும் இடிக்கும், சஸ்பென்ஷனை உயர்த்தாமல் நிம்மதியாக ஓட்ட முடியாது. எஞ்சின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல், டார்க் 134 நியூட்டன் மீட்டர்தான். ஷீட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் வரும்போது அந்தப் பெரிய டயரைச் சுற்றவே அது திணறும்.

அருமனை மக்கா:

அண்ணன் சொன்ன சைஸ் சரி, ஆனால் ஏ.டி.தான் என்று முடிவு கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்றத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றியதும் ஏ.டி. டயரின் பட்டனுக்கு (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) நடுவே செம்மண் அடைத்துக்கொள்ளும், அதற்கு மேல் அது மொட்டை டயர்தான். எம்.டி.யில் பட்டன் பெரிது, இடைவெளியும் அகலம், சுற்றும் வேகத்திலேயே மண்ணைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி கடிக்கும். விளைக்குள்ளேயே கிடக்கிற வண்டி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எம்.டி. சொல்வேன்.

உங்களுக்குத் தார் ரோடுதான் அதிகம் என்கிறீர்கள், அங்கே எம்.டி.யின் பாடு வேறு. நனைந்த தாரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையில் தக்கலை வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அறுபதைத் தாண்டினால் இரைச்சல் வேறு, அம்மாவோடு பேச முடியாது.

வடசேரி டயர்:

எனக்கு இதுதான் தொழில், அதனால் டிஸ்க் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜிம்னிக்கு ஐந்து நட்டு, நட்டு வட்டம் 139.7 மி.மீ., நடு ஓட்டை 108. கம்பெனி டிஸ்க் அகலம் ஐந்தரை இன்ச், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) பிளஸ் 5. கடைகளில் தொங்கும் அலாய் பெரும்பாலும் ஏழு இன்ச், ஆஃப்செட் மைனஸில் போகும். போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் பாரம் முழுக்க வீல் பேரிங் மேலும் முன் ஆக்சிலின் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் மூட்டு) மேலும் ஏறும். ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே தண்டு, தனித்தனி இல்லை. பேலன்சிங் கொஞ்சம் தவறினாலும் எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடத் தொடங்கும், அகல டிஸ்கும் கனமான டயரும் அதை மோசமாக்கும். சக்கரம் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சோதனையிலும் நிறுத்துவார்கள்.

215/75-க்கு ஐந்தரையிலிருந்து ஏழு இன்ச் வரை டிஸ்க் ஆகும். ஆகவே உங்கள் இரும்பு டிஸ்கே போதும். கல்லில் அடித்து நெளிந்தால் எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்திவிடலாம், அலாய் கீறல் விட்டால் தூக்கிப் போடத்தான் வேண்டும். துரு பிடித்திருந்தால் டயர் கழற்றும்போதே சுரண்டி பெயின்ட் அடித்துவிடுங்கள், பிறகு அந்த வாய்ப்பு வராது.

வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் லோடு எண் (டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு) 96-க்குக் குறையக் கூடாது. எல்.டி. (லைட் டிரக்) என்று போட்ட டயர் பக்கச் சுவர் தடிமன், ஜல்லி கிழிக்காது, ஆனால் ஆயிரத்து இருநூறு கிலோ வண்டிக்கு அது கொஞ்சம் முரடு, குலுக்கும். பாதையில் உடைத்த கருங்கல் கிடந்தால் எல்.டி. எடுங்கள், வெறும் மண் என்றால் சாதாரணமே போதும். யோக்கஹாமா ஜியோலாண்டர் ஜி015 ஏ.டி. டயர் இந்த சைஸில் வருகிறது, நனைந்த தாரிலும் நன்றாக நிற்கும்.

களியல்விளை:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. கறுப்பு அலாய் ஆசையை விட்டாயிற்று, 215 ஏ.டி.தான். பாதையில் கருங்கல் இல்லை, அதனால் எல்.டி. வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த ஏற்றத்தில் மண் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

மலையோரம் ஜீப்:

காற்றைக் குறை. அலாய்க்குப் போகவிருந்த பணத்தில் காற்று அளக்க நல்ல கேஜும், காற்று ஏற்றப் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசரும் வாங்கு, மிச்சத்தை வீட்டில் கொடு. தார் முடியும் இடத்தில் நாலு சக்கரத்தையும் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு. டயர் பரந்து உட்காராது, நீளவாக்கில் தரையைக் கூடுதலாகத் தொடும், பிடிப்பு அங்கேதான் வருகிறது. சேற்றில் 15-க்குக் கீழே போகாதே, திருப்பும்போது டயர் டிஸ்கை விட்டுக் கழன்றுவிடும். ஏற்றத்துக்கு முன்பே நின்று 4எல் (நாலு சக்கர ஓட்டம், லோ கியர்) போட்டு, இரண்டாம் கியரில், ஒரே சீராக ஏறு. நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் பள்ளம்தான் தோண்டுவாய். தார் வந்ததும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொள்.

வடசேரி டயர்:

ஒன்று விட்டுப்போனது. ஐந்து டயராக வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. இந்த வண்டியில் முன் பின் ஆக்சிலுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் (சுற்றும் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் அமைப்பு) கிடையாது. சேற்றில் பஞ்சராகிப் பழைய 195 ஸ்டெப்னியை மாட்டி நாலு சக்கர ஓட்டத்தில் ஓட்டினால் உயர வித்தியாசம் முழுக்க கியர்பாக்ஸ் பக்கம்தான் முறுக்கும். பழைய ஐந்தில் நல்லதாக ஒன்று இருந்தால் கடையில் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.