திருவல்லிக்கேணி: திண்ணையில் நின்று கேட்ட கதைகள்

2003ல் வேலை தேடிச் சென்னைக்கு வந்தபோது திருவல்லிக்கேணி மான்ஷன் ஒன்றில்தான் தங்கினேன், ஓர் அறையில் மூன்று பேர். பைகிராப்ட்ஸ் சாலை பழைய புத்தகக் கடை, கையேந்தி பவன், கடற்கரை, இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஊர். துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வழியாகத் தினமும் நடப்பேன், பாரதியார் இல்லத்துக்குள் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் நல்ல மழை. ஒதுங்க இடமில்லாமல் அதே தெருவில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றேன். அங்கே ஒரு பாட்டி, கால் கட்டைவிரலில் வாழைநாரை மாட்டிக்கொண்டு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு எப்படியோ பாரதியிடம் போனது. "யானை அடிச்சுத்தானே பாட்டி அவர் இறந்தார்?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே, "யாருப்பா சொன்னா? யானை தள்ளினது நிஜம், குவளைக் கண்ணன் உள்ளே குதிச்சுத் தூக்கினார். அப்புறம் உடம்பு தேறி ஆபீசுக்குப் போனார், ஈரோட்டுக்குப் போய்ப் பேசிட்டும் வந்தார். கடைசில அவரைக் கொண்டுபோனது வயித்துக்கடுப்பு" என்றார்.

பிறகு தேடிப் படித்தேன், பாட்டி சொன்னது அத்தனையும் சரி. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது, 39 வயதுகூட நிறையவில்லை. பாரதி கடைசியாக இருந்த அந்த வீட்டை அரசு 1993ல் வாங்கிப் புதுப்பித்து நினைவில்லம் ஆக்கியது. மழை விட்டதும் முதல் தடவையாக உள்ளே போனேன். வெளியே வந்தபோது பாட்டி, "அனுமந்தராயன் கோயில் தெருப் பக்கமும் போயிட்டு வா, கணக்குல பெரிய ஆளு ராமானுஜன் சீமைக்குக் கப்பலேறதுக்கு முன்னாடி அங்கேதான் இருந்தார்" என்று கை காட்டினார். அதுவும் 1914, மார்ச். இத்தனை நாள் அந்தத் தெருவில் இட்லி சாப்பிட மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் இப்படி யாராவது கை காட்டியிருந்தால் எழுதுங்கள், அந்தத் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகிக்கொண்டிருக்கின்றன.

— மான்ஷன்வாசி

ஐஸ்ஹவுஸை விட்டுவிட்டீர்களே சார். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க 1842ல் கட்டியது, 1897ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் அது வேறு இடம். என் பாட்டியின் அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், சிஸ்டர் சுப்புலட்சுமி அந்தக் கட்டடத்தில் விதவைப் பெண்களுக்காக நடத்திய விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியை ஆனார். சுப்புலட்சுமி அம்மாவும் அதே நிலைமையிலிருந்து படித்து மேலே வந்தவர்தான். பெரிய பாட்டிக்கு எண்பது வயது இருக்கும்போது ஒரு மாலை மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். கடலைப் பார்க்கவே இல்லை, கட்டடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். வட்டமான அந்த முகப்பில் ஒரு ஜன்னலைக் காட்டி, "அங்கே உட்கார்ந்துதான் தலைமுடியைத் திரும்ப வளர்த்தேன்" என்றார். எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை.

— கடற்கரைச் சாலை

நான் பெரிய பள்ளிவாசலைச் சொல்கிறேன். 1795ல் கட்டிய வாலாஜா மசூதி, முழுக்கக் கருங்கல். ஒரு ரம்ஜான் மாலையில் நண்பனோடு போயிருந்தேன். மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்திக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நோன்பு திறக்க வரிசையாகச் சாப்பாடு பரிமாறினார்கள், பல வருடமாக நடப்பதாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தொழுகை முடிந்ததும் உள்ளே கூட்டிப்போய் ஒரு பாரசீகக் கல்வெட்டைக் காட்டினார். அதன் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் பள்ளிவாசல் கட்டிய வருடம் வருமாம். எழுதியவர் நவாபிடம் வேலை பார்த்த ராஜா மக்கன் லால், ஓர் இந்து. காயிதே மில்லத் அடக்கமாகியிருப்பதும் அந்த வளாகத்தில்தான். பெரியவர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொடாமல் காற்றில் எழுதிக் கூட்டிக் காட்டினார். பாதியில் கணக்கு தப்பியது, சிரித்துக்கொண்டே, "இருங்க தம்பி" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

— பாய் கடை சந்து