வில்லிவாக்கம் வீடு: மீன் தொட்டி விவகாரம்

வியாழன்

அம்மா: [படம்]

அம்மா: ஹாலில் இருக்கும் தொட்டியின் லட்சணத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காவியாவைப் பார்க்க வருகிறார்கள். நேற்று வரை லேசாக இருந்தது, இன்று மீனே தெரியவில்லை.

பிரியா அக்கா: ஐயோ

கீதா சித்தி: கழுநீர்ப் பானை மாதிரி இருக்கிறதே அக்கா

கார்த்தி: மோர். கறிவேப்பிலைதான் பாக்கி

காவியா: பார்க்க வருவது என்னையா, மீனையா?

அம்மா: நீ சும்மா இரு

ருக்கு அத்தை: எத்தனை மணிக்கு வருகிறார்கள் வசந்தா? ஞாயிறு 4.30க்கு ராகு காலம். அதற்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

அம்மா: 3 மணி என்றார்கள் அண்ணி

பாபு சித்தப்பா: பிரியாவைப் பார்க்க வந்தவர்களும் 3 மணி என்றுதான் சொன்னார்கள். வந்தது 7.

பிரியா அக்கா: சித்தப்பா, அவர் இந்தக் குழுவில் இருக்கிறார்

பாபு சித்தப்பா: தெரியும்மா. மாப்பிள்ளை தங்கம். நான் டிராஃபிக்கைச் சொன்னேன்.

மூர்த்தி மாமா: படம் பார்த்தேன். கலங்கல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பச்சையாக இருந்தால் பாசி, ஜன்னல் வெயில் நேராக விழுகிறது என்று பொருள். டீத்தண்ணீர் நிறம் என்றால் உள்ளே கிடக்கும் மரக்கட்டையின் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. இது பால் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் திடீரெனப் பெருகியிருக்கின்றன. வசந்தா, கடைசியாகத் தொட்டியை யார் எப்போது தொட்டார்கள்? ஒன்று விடாமல் சொல்.

பாபு சித்தப்பா: வாத்தியார் வகுப்பைத் தொடங்கிவிட்டார்

கீதா சித்தி: படிகாரம் போட்டால் அரை மணியில் தெளிந்துவிடும் அக்கா

ருக்கு அத்தை: தேற்றாங்கொட்டை. ஊரில் மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வரும், பானையின் உள்பக்கம் நாலு தேய் தேய்த்தால் காலையில் கண்ணாடி.

மூர்த்தி மாமா: இரண்டுமே மண் கலங்கலுக்கு நல்ல வைத்தியம், ருக்கு அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இது மண் இல்லை, உயிர். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும், மீன் தாங்காது. தயவுசெய்து யாரும் எதையும் போடாதீர்கள்.

கீதா சித்தி: அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீர்?

மூர்த்தி மாமா: அதில் தாது உப்பே இருக்காது. மீனுக்கு ஆகாது.

அம்மா: போன ஞாயிறுதான் அண்ணா நன்றாகக் கழுவினது. தண்ணீர் முழுக்க இறைத்து, கூழாங்கல்லை எல்லாம் வாளியில் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை மெட்ரோ வாட்டர் குழாயில் வெள்ளை வெளேர் என்று வரும் வரை பிழிந்து. பளபள என்று இருந்தது. மூன்று நாளில் இப்படி.

மூர்த்தி மாமா: எந்த மடையன் அந்த ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவினான்?

பிரகாஷ் அத்தான்: நான்தான் மாமா

காவியா: 🙈

கார்த்தி: முடிந்தது

மூர்த்தி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாபு சித்தப்பா: எல்லோரும் படித்துவிட்டோம் வாத்தியாரே

மூர்த்தி மாமா: மாப்பிள்ளை, உங்கள் சுத்தம் யாருக்கு வரும். ஒரு விஷயத்தை மட்டும் பொதுவாகச் சொல்கிறேன். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியா ஆகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், இது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் வெளியே போய்விடும். இந்த இரண்டு பேரும் குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும். புதுத் தொட்டியில் இவர்கள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமியைக் கொல்லத்தானே போடுகிறார்கள். அதில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் காலி. இடம் காலியானதும் வேறு கிருமிகள் தண்ணீரிலேயே பெருகிவிட்டன. அதுதான் இந்த வெள்ளை. ஸ்பாஞ்சைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

பிரகாஷ் அத்தான்: சாரி அத்தை. கையெல்லாம் சேறு மாதிரி ஒட்டியது, அதனால்தான்.

அம்மா: நீங்கள் ஏன் மாப்பிள்ளை சாரி சொல்கிறீர்கள். இந்த வீட்டில் வேறு யாராவது தொட்டார்களா அதை? கார்த்தி என்று ஒருவன் இருக்கிறான்.

கார்த்தி: ஆரம்பித்தாச்சு

காவியா: மொத்தத் தண்ணீரையும் இன்னொரு தடவை மாற்றிவிட்டால்?

மூர்த்தி மாமா: கூடவே கூடாது. மறுபடி முதலிலிருந்து. தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர். கால் பங்குதான் மாற்ற வேண்டும். ஏறக்குறைய 3 குடம். இன்று இரவே குடத்தைத் திறந்து வை, குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். நாளைக்கு இரை போடாதே.

அம்மா: பாவம் அண்ணா, நான் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறக்கிறது. அவர் இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுவார்.

பாபு சித்தப்பா: அண்ணன் காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மூன்று வேளை தின்றது கார்த்தி.

பாபு சித்தப்பா: அந்தத் தொட்டியை எனக்குத் தருகிறேன் என்றும் அண்ணன் சொன்னார். சரி, அதை விடுங்கள்.

ருக்கு அத்தை: பாபு

பாபு சித்தப்பா: விடுங்கள் என்றுதானே சொன்னேன் அக்கா

வெள்ளி

அம்மா: 9 மணிக்கு கரண்ட் போய்விட்டது. 2 மணி வரைக்குமாம். பராமரிப்பு.

மூர்த்தி மாமா: ஏர் பம்ப்?

அம்மா: அதுவும் நின்றுவிட்டது. ஒன்பதும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

மூர்த்தி மாமா: அந்த வெள்ளைக் கிருமிகளும் ஆக்சிஜனைக் குடிக்கின்றன. ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இரு. விழும்போது காற்று கலக்கும்.

காவியா: [படம்]

காவியா: அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பித்தளைச் சொம்பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இடது கையில் சஷ்டி கவசம். எனக்குக்கூட இப்படிச் செய்ததில்லை.

பிரியா அக்கா: 😂 இன்ஸ்பெக்டர் எப்படி இருக்கிறார்?

காவியா: கருப்பு மீன் என்பதால் அவர் மட்டும்தான் தெரிகிறார்

கார்த்தி: கொளத்தூர் வந்திருக்கிறேன். கடைக்காரர் ஒரு பாட்டில் தருகிறார், ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி என்கிறார். அதோடு இன்னும் நாலு மீனும் எடுத்துக்கொள் என்கிறார்.

மூர்த்தி மாமா: மீன் வேண்டாம். ஒன்பது தங்க மீனே அந்தத் தொட்டிக்கு அதிகம், அவை போடும் கழிவு கொஞ்சமா. அந்த மருந்து தூசியைத் திரட்டி ஸ்பாஞ்சில் சிக்க வைக்கும், அவ்வளவுதான். காரணம் அப்படியே இருக்கும். குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து இருந்தால் வாங்கு. உண்மையில் வேண்டியது வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு. அதை நம் ஃபில்டருக்குள் வைத்தால் குடியிருப்பவர்கள் அப்படியே வந்துவிடுவார்கள்.

கார்த்தி: கடையில் கேட்கவா?

மூர்த்தி மாமா: கடைத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். தெரிந்தவர் வீடு நல்லது.

பிரியா அக்கா: தெரிந்தவர் வீட்டில் யாரிடம் தொட்டி இருக்கிறது

காவியா: அயனாவரம் சித்தப்பா வீடு

கார்த்தி: அயனாவரம்

(அரை மணி நேரம் யாரும் எழுதவில்லை.)

கீதா சித்தி: அவர் குளிக்கிறார்

அம்மா: கேசரிக்கு ரவை ஒரு கிலோ போதுமா? வருவது எட்டுப் பேர்.

ருக்கு அத்தை: போதும். கேசரி மட்டும் கல்யாணச் சமையல்காரரிடம் சொல்லாதே. போன தடவை டால்டா.

மூர்த்தி மாமா: அவரை ஏற்பாடு செய்தது நான். அது நெய்தான்.

ருக்கு அத்தை: சரி

பாபு சித்தப்பா: என் தொட்டி ஸ்பாஞ்ச் இரண்டு வருடமாக அலசி மட்டும் வைத்திருப்பது. கரேல் என்று இருக்கும். அண்ணன் வீட்டு ஹாலுக்கு என் வீட்டு அழுக்கு பரவாயில்லையா அண்ணி?

அம்மா: பாபு, இப்படியெல்லாம் பேசாதே. உன் அண்ணன் வாங்கிய தொட்டி.

பாபு சித்தப்பா: கார்த்தியை அனுப்புங்கள். காயக் கூடாது, என் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுத் தருகிறேன்.

அம்மா: நீயே கொண்டு வாயேன். ஞாயிறு எப்படியும் வரத்தானே போகிறாய்.

பாபு சித்தப்பா: பார்க்கலாம்

சனி

கார்த்தி: வாங்கி வந்துவிட்டேன். பாலிதீன் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ. டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அம்மா: வாசனை ஹால் முழுக்க. ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன்.

மூர்த்தி மாமா: வாசனை அடங்கிவிடும். நல்ல ஸ்பாஞ்ச் மழை பெய்த மண் மாதிரி இருக்கும், அழுகல் நாற்றம் வந்தால்தான் கவலை. நம் ஸ்பாஞ்சை எடுக்காதே, அதன் பக்கத்தில் வை. நாளைக்கே தெளியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிரியா அக்கா: எத்தனை நாள் மாமா?

மூர்த்தி மாமா: சில நாள். ஒரு வாரமும் ஆகலாம். பிப்ரவரியில் பெங்களூரு மைத்துனர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அவர்கள் தொட்டி 4 அடி

காவியா: மாமா, நாளைக்குச் சொல்லுங்கள்

கீதா சித்தி: பட்டுப் புடவையை மடித்துத் தொட்டி மேல் தொங்க விடலாமே

அம்மா: மாற்றிச் சாப்பாட்டு அறையில் வைத்துவிடலாமா?

கார்த்தி: தண்ணீரோடு 200 கிலோ அம்மா

பிரகாஷ் அத்தான்: நான் வந்து தூக்குகிறேன் அத்தை

மூர்த்தி மாமா: மாப்பிள்ளை, நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தாலே போதும்

ஞாயிறு

காவியா: [படம்]

காவியா: பின்னால் ஒட்டிய பவளப்பாறைப் படம் மங்கலாகத் தெரிகிறது. நேற்று தெரியவில்லை.

பிரியா அக்கா: மோரிலிருந்து இளநீருக்கு வந்துவிட்டது

அம்மா: அப்போது மூட வேண்டாமா?

கீதா சித்தி: மூடிவிடுங்கள் அக்கா

ருக்கு அத்தை: மூடாதே. மூடினால்தான் என்ன என்று கேட்பார்கள்.

காவியா: எட்டுதான் எண்ணினேன். இன்ஸ்பெக்டர் எங்கே?

அம்மா: ஃபில்டருக்குப் பின்னால் நிற்கும். மூர்த்தி அண்ணா, மின்விசிறி பக்கத்து நாற்காலி அந்த வீட்டு அப்பாவுக்கு, நீங்கள் உட்கார்ந்துவிடாதீர்கள். பஜ்ஜிக்கு வாழைக்காய் இன்னும் வரவில்லை, யாராவது வழியில் வாங்கி வருகிறீர்களா?

பாபு சித்தப்பா: எத்தனை காய்?