பிரீமியர் பத்மினி: மூன்றாவது சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை, இஞ்சினைப் பிரிக்காமல் காரணத்தைக் கண்டறிய முடியுமா?

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்)

வணக்கம். என் தந்தை ஓட்டிய 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காரை, ஓராண்டாக வீட்டுக் கொட்டகையிலேயே வைத்துச் சிறிது சிறிதாகச் சரிசெய்து வருகிறேன். பிரேக், வயரிங், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டன. இஞ்சின் மிஸ் அடிப்பது மட்டும் நின்றபாடில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸர் சத்தத்தில் சீரான இடைவெளியில் ஒரு துடிப்பு விடுபடுகிறது. வெயில் ஏறிய பிறகு அது குறைகிறது. ஆனால் புதுச்சேரிக்குப் போகும் வழியில் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி மறுபடியும் உதறுகிறது.

நான்கு பிளக்குகள், அவற்றுக்குத் தீப்பொறிக் கரண்டை உண்டாக்கும் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிவிட்டேன். மூன்றாவது பிளக் மட்டும் நனைந்து பெட்ரோல் வாடையுடன் வருகிறது. மற்றவை காய்ந்து பழுப்பாக இருக்கின்றன. இரண்டாவது பிளக்கையும் மூன்றாவது பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் மூன்றாவது சிலிண்டரில் இருப்பதுதான் நனைகிறது. சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

தம்பி, ஹெட்டில் இப்போது கை வைக்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பிளக் நனைந்து வருகிறது என்றால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகிறது, எரியவில்லை என்று பொருள். ஆகவே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரையும், அந்தக் கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவையும் இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். கசிவாக இருந்தால் ஐடிலிங்கில் உதறி, வேகம் கூடும்போது சீராகும். உங்கள் வண்டியோ சுமை ஏறும்போதுதான் உதறுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகம் புகுந்து அழுத்தம் கூடுவதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வேறு எளிய வழி ஏதேனும் கிடைத்தால் கரண்ட் அந்தப் பக்கமே போய்விடும். காலை ஈரத்தில் தொல்லை கூடுவதும் அதற்குத்தான் ஒத்துவருகிறது.

இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் நான்கு பொருள்களை மாற்றியதால்தான் உங்களுக்குத் தடயமே கிடைக்காமல் போயிற்று. முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள்: நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கழற்றிய துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்; அருகில் தீ கூடாது. மூன்றாவது மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கில் பழுது, உயராவிட்டால் வால்வில் பழுது. மூன்றாவதும் அடுத்துள்ளதும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

நான்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், நான்காவது சிலிண்டரின் பிளக் ஒயரை மூன்றாவதற்கும் மூன்றாவதன் ஒயரை நான்காவதற்கும் மாற்றிப் போடுங்கள். ஒயரை மட்டும்தான் மாற்ற வேண்டும். காயிலின் கரண்டை நான்கு பிளக்குகளுக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசை மாறவே கூடாது. மிஸ் நான்காவதற்கு நகர்ந்தால் ஒயர் பழுது. நகராவிட்டால் மூடியைக் கழற்றி, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது ஒயரைக் கையால் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். அந்த ஷாக் விளையாட்டல்ல.

பதில் (நெல்லிக்குப்பம்)

இந்தப் பழுதோடு தொடர்பில்லாவிட்டாலும், பானெட்டைத் திறக்கும்போது இதையும் பாருங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய் அதில் ஊறி வெடித்துக் கசியும். கசிவு இருக்கும்போது தீப்பொறிச் சோதனை எதையும் செய்யாதீர்கள்.

கேட்டவர் (தேவனாம்பட்டினம்)

ஐயா, நேற்றிரவு கண்டுபிடித்துவிட்டேன். கம்ப்ரஷன் 120, 118, 117, 120 பி.எஸ்.ஐ. என்று வந்தது. ஒயரை மாற்றியும் மிஸ் மூன்றாவதிலேயே நின்றது. மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மூன்றாவது முனையின் அடியிலிருந்து விளிம்பு வரை, பென்சிலால் கிழித்ததுபோலத் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு வளைந்து இறங்கியிருந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை. குழாயில் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, விளக்கை அணைத்து, இஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மூடி டிஸ்ட்ரிபியூட்டரில் உட்காரும் இடத்தில் நீலப் பொறி மின்னிக்கொண்டிருந்தது. தந்தையின் வண்டியைப் பிரிக்காமல் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், மிக்க நன்றி.

பதில் (லாஸ்பேட்டை)

அதுதான் கார்பன் கோடு. கடற்காற்றில் வரும் உப்பு மூடிக்குள் படிந்து, ஈரம் சேர்ந்ததும் கரண்டுக்குப் பாதையாகிவிடுகிறது. பொறி ஓட ஓட அந்தப் பாதை கரியாகி நிலைத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் இரும்போடு சேர்ந்த எர்த் என்பதால் மூன்றாவதன் பொறி முழுவதும் அங்கே இறங்கியிருக்கிறது. சுரண்டி ஓட்டாதீர்கள், மீண்டும் வரும். மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். மூடியின் நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கில் தடையின்றி அமுங்கி எழுகிறதா என்று விரலால் பாருங்கள்.

இன்னொன்று. இத்தனை நாளும் மூன்றாவது சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலும், அளவு ஏறியிருந்தாலும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.